கூண்டும் ஒலிபெருக்கியும்

புயல்களின் வரலாற்றைக் கப்பல்களின் வரலாறாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். 1760 முடிந்து 1761 பிறந்த இரவில் புதுவைக் கடலில் வீசிய புயல் அதற்கொரு சான்று. நகரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களில் சண்டர்லேண்ட் உள்ளிட்ட சில மூழ்கின. நியூகாசில், குயின்பரோ, புரொடெக்டர் ஆகிய மூன்றும் அரியாங்குப்பத்தையொட்டிய கரையில் மோதிச் சிதைந்தன. ஏறத்தாழ 1,100 பேர் மாண்டனர். பட்டினியில் கிடந்த நகரின் தளபதி லாலி, எப்பாடுபட்டேனும் அரிசி அனுப்புமாறு பழவேற்காட்டிலிருந்த பிரெஞ்சுப் பிரதிநிதிக்கு எழுதினார். கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. ஜனவரி நடுவில் புதுவை வீழ்ந்தது. (நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாள்கள் முன்னரே காலமாகிவிட்டார்.)

கப்பல்களின் பெயர்கள்கூட இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. அதே கரையில் குடிசை போட்டிருந்தவர்கள் என்னவானார்கள் என்பதைப் படைவரலாறுகள் பொருட்படுத்தவில்லை.

எச்சரிக்கை முறையும் இந்தப் பார்வையிலேயே பிறந்தது எனலாம். 1864-இல் அக்டோபரில் கல்கத்தாவையும் நவம்பரில் மசூலிப்பட்டினத்தையும் புயல்கள் அழித்தன, பல்லாயிரவர் இறந்தனர். மறு ஆண்டே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடாயிற்று. 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. 1886-இல் எச்சரிக்கை எல்லா இந்தியத் துறைமுகங்களுக்கும் விரிந்தது. செய்திகளில் நாம் கேட்டுப் பழகிய 'புயல் எச்சரிக்கைக் கூண்டு' இந்த மரபைச் சேர்ந்ததே. பகலில் கம்பத்தில் ஏற்றப்படும் கூம்பு, உருளை வடிவங்கள், இரவில் விளக்குகள். எண் ஒன்றிலிருந்து பதினொன்று வரை. பதினொன்றாம் எண்ணுக்குப் பொருள், எச்சரிக்கை நிலையத்துடன் தொடர்பே அற்றுப்போயிற்று என்பதாகும். இக்குறிகள் மாலுமிக்கானவை. வாடையும் கொண்டலும் கச்சானும் பார்த்துக் கட்டுமரம் தள்ளியவனுக்கு அவற்றைப் படித்துச் சொல்வார் யார்?

அரியாங்குப்பத்துக்குத் தெற்கேயுள்ள மீனவ ஊரான நல்லவாடு வரலாற்றில் இடம்பெறுவது இங்கேதான். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு புதுவைக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழாக்கி, வீராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். இன்று கடலுக்குப் போகலாமா என்னும் கேள்விக்கான விடை தினமும் ஊர்க்குரலிலேயே வந்தது. நல்லவாட்டிலும் அத்தகைய மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன.

2004 டிசம்பர் 26 காலை, சுமத்ராவில் எழுந்த ஆழிப்பேரலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அந்த அவகாசத்தைப் பயன்படுத்த அரசிடம் அன்று எந்த ஏற்பாடும் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது 2007-இல்தான். சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் தொலைக்காட்சிச் செய்தி கண்டு வீட்டுக்குத் தொலைபேசினார். தண்ணீர் உள்ளே வருகிறது என்று மறுமுனையில் சொன்னார்கள். எல்லாரையும் வெளியேறச் சொல்லுங்கள் என்றார் அவர். ஊரார் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தன. ஊரிலிருந்த 3,600-க்கும் மேற்பட்டோரில் ஒருவரும் இறக்கவில்லை.

இதை இணையத்தின் வெற்றி என்று பலரும் எழுதினார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அலை உயரத்தையும் அன்றாடச் சேதிகளையும் சொல்லி வந்த ஏற்பாடு ஊருக்குப் பழகியிருந்தது. ஆகவேதான் அன்று ஓடு என்றதும் ஓடினார்கள். அதுவரை பேசாதிருந்த கருவி திடீரெனக் கத்தியிருந்தால், என்னவென்று பார்க்கக் கடற்கரைக்கே சிலர் போயிருப்பார்கள். அன்று வேறு பல ஊர்களில், பின்வாங்கிய கடலை வேடிக்கை பார்க்கப் போனவர்கள்தானே மாண்டார்கள்?

2011 டிசம்பர் 30 அதிகாலையில் 'தானே' புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. அறிவிப்புகள் முன்கூட்டியே வந்திருந்தன. ஆயினும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30 இரவு கரைகடந்த 'ஃபெஞ்சல்' அசையாமல் நின்று, புதுவையில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழையைக் கொட்டியது. அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணை வழியே பாய்ந்து பாகூர் கொம்யூன் கிராமங்களில் புகுந்தது. இம்முறை தண்ணீர் வந்தது மேற்கிலிருந்து. அணை இருப்பது அண்டை மாநிலத்தில்.