எந்த ஆல்கஹால்? நார்வேயின் 1936ஆம் ஆண்டு வரம்பும் வாயு வண்ணப்பிரிகையும்

குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதற்கு எதிரான நார்வேச் சட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சமூகவியலாளர் எச். லாரன்ஸ் ராஸைத் தொடாமல் போவதில்லை. 1975இல் அவர் எழுதிய ‘ஸ்காண்டிநேவிய மாயை’ என்னும் கட்டுரையின் வாதம் எளிமையானது. இரத்தத்தில் 0.5 புரோமில், அதாவது ஆயிரத்தில் அரைப் பங்கு, ஆல்கஹால் இருந்தாலே குற்றம் என்று உலகில் முதன்முதலாக 1936இல் நார்வே வரம்பு கட்டியது; 1941இல் சுவீடன் 0.8 என்றது. இச்சட்டங்கள் விபத்துகளைக் குறைத்தன என்பது பரவலான நம்பிக்கை. ராஸ் விபத்துப் புள்ளிவிவரங்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தார். சட்டம் வந்த இடத்தில் கோடு முறியவில்லை. ஆகவே, நம்பிக்கைக்குச் சான்று போதாது என்றார்.

அவருடைய கணக்கை நான் மறுக்கவில்லை. சான்றின்மையைப் பயனின்மை என்று அவர் அவசரப்பட்டு முடிவுகட்டவுமில்லை; அந்த நேர்மையைப் போற்ற வேண்டும். நான் மறுப்பது அவர் சட்டத்தை வாசித்த முறையை. அச்சத்தை விளைவிக்கும் கருவியாக மட்டுமே அவர் அதைப் பார்த்தார். 1936ஆம் ஆண்டுச் சட்டம் முதன்மையாக ஒரு சான்றுச் சட்டம் என்பது என் வாசிப்பு. அதுவரை ஓட்டுநரின் நடையையும் பேச்சையும் வாய்நாற்றத்தையும் கொண்டு மருத்துவர் சொன்ன கருத்தே வழக்கைத் தாங்கியது. அந்த இடத்தில் இப்போது ஓர் எண் வந்து அமர்ந்தது. குற்றத்தின் இலக்கணமே எண் ஆகும்போது, அது எந்தப் பொருளின் எண் என்ற கேள்வியும் கூடவே பிறக்கிறது. இக்கேள்வியின் வரலாற்றை விபத்து வரைபடத்தில் தேடிப் பயனில்லை. ஆய்வகத்தில்தான் தேட வேண்டும்.

சட்டத்தின் சொற்களைப் பார்ப்போம். 1965ஆம் ஆண்டு நார்வே சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இன்று இரண்டு ‘அல்லது’களில் நிற்கிறது: இரத்தத்தில் 0.2 புரோமிலுக்கு மேல் ஆல்கஹால். அல்லது அத்தகைய செறிவுக்கு இட்டுச்செல்லக்கூடிய அளவு ஆல்கஹால் உடலில். அல்லது மூச்சுக்காற்றில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல். தன் இரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரியாது என்பதும் தப்பிக்க வழியாகாது. இரைப்பையில் இன்னும் உறிஞ்சப்படாத மதுவைக்கூட விடாத சட்டம் இது. இத்தனை நுணுக்கத்துக்கு நடுவே ‘ஆல்கஹால்’ என்ற சொல் மட்டும் அடைமொழியின்றி நிற்கிறது. சட்டத்துக்கு அது ஒரு பொருள். வேதியியலுக்கோ ஒரு குடும்பம். மெத்தனாலும் புரோப்பனாலும் அக்குடும்பத்தவையே. அந்தச் சொல்லுக்கு ஒரே பொருளைக் கட்டிக்கொடுக்கும் வேலை ஆய்வகத்தின் தலையில் விழுந்தது.

தொடக்ககால முறையால் அது முடிந்திருக்காது. சுவீடனின் எரிக் விட்மார்க் 1922இல் தந்த நுண்முறையில், குடுவையின் மூடியிலிருந்து தொங்கும் சிறு கிண்ணத்தில் சுமார் நூறு மில்லிகிராம் இரத்தம். அடியில் கந்தக அமிலத்தில் கரைத்த டைகுரோமேட். சூடேற்றினால் ஆவியாவது கீழே இறங்கி ஆக்சிஜனேற்றம் அடையும். செலவாகாமல் எஞ்சிய டைகுரோமேட்டை அயோடைடும் தயோசல்பேட்டும் கொண்டு, ஸ்டார்ச்சின் நீலம் மறையும்வரை தரம்பார்ப்பார்கள். மிக நேர்த்தியான முறைதான். ஆனால் ஆவியாகி ஆக்சிஜனேற்றமடையும் மெத்தனால், ஈதர், அசிட்டோன் எல்லாம் அதே கணக்கில் சேர்ந்துவிடும். விட்மார்க்கின் குடுவை அளந்தது, அடையாளம் சொல்லவில்லை.

அடையாளம் சொன்னது, ஆவிக் கலவையின் கூறுகளைத் தனித்தனியே பிரிக்கும் வாயு வண்ணப்பிரிகை. அதன் பிறப்பாண்டை ஒன்றாகக் குறிப்பது கடினம். கூறுகளைச் சுமந்து நகரும் ஊடகம் ஆவியாகவும் இருக்கலாம் என்று மார்ட்டினும் சிஞ்சும் 1941இல் எழுதினார்கள். இன்ஸ்புருக்கின் எரிகா கிரேமர் 1944இல் அனுப்பிய கட்டுரை போரினால் அச்சேறாமல் நின்று, 1976இல்தான் வெளிவந்தது. ஜேம்ஸும் மார்ட்டினும் செயல்முறையை வெளியிட்டது 1952இல். எண்ணத்தையா, எழுத்தையா, கருவியையா, எதைப் பிறப்பென்று கொள்வது என்பதைப் பொறுத்து ஆண்டு மாறும். தடயவியலுக்கு வாசல் திறந்தவை அடுத்து வந்த இரண்டு: 1958இல் வந்த, நீராவிக்கு அசையாத சுடர் அயனியாக்கக் கண்டறிவி, 1964இல் வியன்னாவின் மகாட்டா இரத்தத்துக்கு மேலுள்ள ஆவியை மட்டும் எடுத்துச் சோதித்த முறை.

மூடிய குப்பியில் இரத்தத்தைச் சூடாக்கி, மேலே தங்கும் ஆவியை, கூறுகளைப் பிரிக்கும் குழலுக்குள் செலுத்துவார்கள். மெத்தனாலும் எத்தனாலும் அசிட்டோனும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். ஒரு குழலில் இரண்டு பொருள்கள் ஒரே நேரத்தில் வரக்கூடும் என்பதால், தன்மை வேறான இரண்டாம் குழலிலும் ஓட்டுவார்கள். இரண்டிலும் தங்குநேரம் ஒத்துவந்தாலே எத்தனால் என்ற பெயர் உறுதிப்படும். ஆஸ்லோவில் இம்முறை நொதியைக் கொண்டு அளக்கும் முறையோடு அருகருகே வளர்ந்தது. 2006இல் அங்கிருந்து வந்த ஓர் ஆய்வு, குப்பியைச் சூடாக்கும் நிலைமைகளும் இரத்தத்தைச் சேமித்த விதமும் எத்தனாலின் நிலைப்பையும் அசிட்டால்டிஹைடு உருவாவதையும் எப்படிப் பாதிக்கின்றன என்று சோதித்தது. சோதிக்கும் செயலே சான்றை மாற்றிவிடுமோ என்று ஓர் ஆய்வகம் தன்னையே விசாரித்துக்கொண்ட ஆவணமாக அதை வாசிக்கிறேன்.

1936ஆம் ஆண்டின் எண்ணே இக்குழல்களை ஆஸ்லோவுக்குக் கொண்டுவந்தது என்று நேரடியாக நிறுவ என்னிடம் ஆவணம் இல்லை. வரம்பு கட்டாத நாடுகளும் இக்கருவியை வாங்கின. ஆனாலும் இணைப்பை விட மனம் ஒப்பவில்லை. 2001இல் வரம்பு 0.2 ஆனது. 2012இல் இருபது போதைப்பொருள்களுக்கும் மருந்துகளுக்கும் இரத்த வரம்பு வந்தது. கஞ்சாவின் டிஎச்சிக்கு மில்லிலிட்டருக்கு 1.3 நானோகிராம். இத்தனை சிறிய எண்ணை எழுதத் துணியும் சட்டம், பொருளைப் பெயர்சொல்லிப் பிரிக்கும் ஆய்வகத்தை நம்பியே எழுதுகிறது. ராஸின் வரைபடத்தில் இந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

பெயர்சொல்வது உயிர்ப் பிரச்சினையும்கூட. 2002இல் நார்வேயில் கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்து பலர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அதே நஞ்சுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோரை நாம் இழந்தோம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவும் நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் ‘ஆல்கஹால்’ என்றே சொல்கிறது. அங்கும் அடைமொழி இல்லை. 1849இல் சென்னையில் தொடங்கிய வேதியியல் ஆய்வர் ஆய்வகத்தின் வழிவந்தது நம் தடய அறிவியல் துறை. அந்த ஒற்றைச் சொல்லுக்கு அது எந்தெந்தக் காலத்தில் எந்தெந்தக் கருவியால் பொருள் சொன்னது என்பதை நம் ஆய்வாளர்கள் எழுத வேண்டும்.