பல்லாவரத்துக் கல்லும் அதன் சீட்டும்

1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட், பல்லாவரம் கண்டோன்மென்ட் அருகே ஒரு செம்புரைச் சரளைக் குழியில் கல்லொன்றைக் கண்டெடுத்தார். மனிதக் கை செதுக்கிய கற்கோடரி அது. இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்தக் குழியிலிருந்தே தொடங்குகிறது. அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டார்.

ஃபுட்டின் பெருமை கண்டெடுத்ததில் மட்டும் இல்லை என்பது என் எண்ணம். எது எங்கே கிடைத்தது என்பதை அவர் எழுதி வைத்தார். அவருடைய சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தது. அதன் அட்டவணை நூல், அவர் மறைந்து இரண்டாண்டுகளுக்குப் பின் 1914இல் வெளிவந்தது. எண்ணும் இடப்பெயரும் கொண்ட அந்தச் சீட்டு உதிர்ந்துவிட்டால் கோடரி வெறும் கூழாங்கல்தான். அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்குச் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது கூற முடிந்ததற்குக் காரணமும், எந்த மண்ணடுக்கில் எது கிடந்தது என்ற குறிப்பே.

அச்சு நூல்களில் படமும் விளக்கமும் ஓர் எண்ணால் பிணைந்திருக்கும். இணையம் இந்த எளிய ஒழுங்கைப் பெற இருபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று! 1993இல் மார்க் ஆண்ட்ரீசன் முன்மொழிந்த ‘இமேஜ்’ ஒட்டு படத்தைப் பக்கத்தில் பதித்தது. விளக்கத்துக்கு அதில் இடமில்லை. 1995இல் ஹெச்.டி.எம்.எல். 3.0 வரைவு, படத்தையும் விளக்கத்தையும் சேர்த்துக் கட்டும் ஒட்டைச் சொல்லிப் பார்த்தது. அந்த வரைவு ஏற்கப்படாமலே காலாவதியானது. பிறகு நாமெல்லாம் அட்டவணைக் கட்டங்களுக்குள் படத்தை வைத்து, கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி தட்டினோம். அந்த வரி இந்தப் படத்துக்குரியது என்று கணினிக்குத் தெரியாது. பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் செயலிக்கும் தெரியாது.

2014 அக்டோபரில் தரமாக அறிவிக்கப்பட்ட ஹெச்.டி.எம்.எல். 5 இக்குறையைத் தீர்த்தது. ‘ஃபிகர்’ ஒட்டு படத்தைத் தாங்கும். அதனுள் ‘ஃபிக்கேப்ஷன்’ விளக்கத்தைத் தாங்கும். கட்டுரையின் ஓட்டத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்தாலும் பொருள் கெடாத தனி அலகு அது. ‘ஆல்ட்’ குறிப்பு வேறு: படம் காணாதவருக்குப் படத்தின் இடத்தில் நிற்கும் சொல். இரண்டிலும் ஒரே வாக்கியத்தை ஒட்டுவது நம்மவர் வழக்கம். கேட்பவர் அதை இருமுறை கேட்க நேர்கிறது.

ஆனால் படத்தை மட்டும் சொடுக்கிச் சேமிப்பவரிடம் இந்த ஒட்டுகள் எதுவும் போய்ச் சேர்வதில்லை. பல்லாவரத்துக் கல் அங்கே மறுபடியும் சீட்டில்லாத கல்.