ஜொகூரில் மருத்துவர், ரிஷிகேசத்தில் யோகி: சுவாமி சிவானந்தரின் மலாயா ஆண்டுகள்

மலாயாத் தமிழர் வரலாறு என்றதும் கப்பல், கங்காணி, பால்மரம் என்ற வரிசைதான் நம் கட்டுரைகளில் வரும். அதில் தப்பில்லை. ஆனால், அதே கடல்வழியில் ஒரு தமிழ் டாக்டரும் வந்தார். பத்து ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிப்போய், உலகறிந்த யோக ஆசிரியரானார். அவர் கடைசியாக வேலை பார்த்த ஊர் நம்ம ஜொகூர் பாரு.

மலாயா ஆண்டுகள் (1913–1923)

பாய்க்குப் பேர்போன நெல்லைச் சீமைப் பத்தமடையில் 1887 செப்டம்பர் 8ஆம் நாள் பிறந்தவர் குப்புசாமி. தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். 'அம்ப்ரோசியா' என்ற மருத்துவ இதழையும் நடத்தினார். 1913இல் மலாயா வந்தவர், சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்ட மருத்துவமனையில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகளும், பிறகு ஜொகூர் பாருவில் சுமார் மூன்று ஆண்டுகளும் பணிபுரிந்தார்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டு, கங்காணி முறை ஓங்கியிருந்தது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் தோட்ட மக்களை வாட்டின. ஏழை நோயாளிகளிடம் டாக்டர் பணம் வாங்கமாட்டார், கைக்காசையும் கொடுத்து அனுப்புவார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. உடல்நோய்க்கு மருந்து உண்டு, மனத்துன்பத்துக்கு என்ன மருந்து என்ற தேடல் இங்கேதான் வலுத்தது. 1923இல் வேலையை விட்டார். 1924 ஜூன் 1ஆம் நாள் ரிஷிகேசத்தில் துறவு பெற்று, சுவாமி சிவானந்த சரசுவதி ஆனார்.

மனத்தை மாற்றும் யோகம்

துறவியான பிறகும் டாக்டர் வேலை நிற்கவில்லை. தம் காப்புறுதிப் பணத்தில் லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் தொடங்கினார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம் பிறந்தது. நம் பத்துமலையிலும் அதற்குச் சிவானந்தா ஆசிரமம் உண்டு.

யோகா என்றால் உடம்பை வளைப்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறோம், இல்லையா? அவர் கர்மம், பக்தி, தியானம், ஞானம் நான்கையும் சேர்த்தே கற்பித்தார். ஆசனம் அதில் ஒரு பகுதிதான். நோயாளிக்குத் தினக்குறிப்பு எழுதும் டாக்டரைப்போல, மாணவர்களையும் ஆன்மிக நாட்குறிப்பு எழுதச் சொன்னார். இன்று எத்தனை முறை கோபப்பட்டேன்? எத்தனை பொய் சொன்னேன்? யாருக்கு உதவினேன்? தன்னைத் தானே கவனிக்கிற இந்தப் பழக்கத்திலிருந்துதான் உணர்வு மாறும் என்பது அவர் வழி. 1963 ஜூலை 14ஆம் நாள் மறையும்வரை 200க்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார்.

கட்டுரை எழுதும்போது

மாணவர்களே, "தோட்டத் துன்பமே அவரைத் துறவியாக்கியது" என்று ஒரே காரணமாக முடித்துவிடாதீங்க. ஒரு சாது கொடுத்த வேதாந்த நூல், இளமையிலிருந்தே இருந்த சேவை மனம், இவையும் காரணங்கள்தாம். காரணங்களைப் பிரித்துக் காட்டினால் கருத்து வலுப்பெறும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். டாக்டருக்குச் சம்பளமும் மரியாதையும் இருந்தன. விரும்பியபோது கப்பலேறவும் முடிந்தது. அவரிடம் மருந்து வாங்கிய தொழிலாளர் பலருக்கு அந்த வசதி இல்லை. டாக்டரின் பெயர் நூல்களில் இருக்கிறது. அவர்களின் பெயர்கள் இல்லை. வகுப்பில் இந்தக் கேள்வியை வையுங்கள்: ஒருவரின் மனமாற்றத்தைப் பதிவுசெய்த வரலாறு, அவர் முன் வரிசையில் நின்றவர்களை ஏன் பதிவுசெய்யவில்லை? உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் தோட்ட மருத்துவமனை பற்றிக் கேட்டு, விடையை அங்கிருந்து தொடங்குங்கள்.