றெம்பிராண்டின் வீடும் செப்புத்தகடும்

ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய 1658ஆம் ஆண்டிலேயே, அவர்தம் வணிகத் தலைநகராகிய அம்ஸ்ரர்டாமில், ஓவியர் றெம்பிராண்டின் வீடு கடனுக்காக ஏலத்தில் விற்கப்பட்டது. 1639இல் 13,000 கில்டர் விலைபேசி வாங்கிய அம்மனையின் கடனை அவரால் முற்றாகத் தீர்க்க இயலவில்லை. 1656இல் அவர் கடனிறுக்க வகையற்றவரானபோது, அதிகாரிகள் அறை அறையாகச் சென்று 363 இனங்கள் கொண்ட பொருட்பட்டியல் ஒன்றை எழுதினர்.

ஓவியரை வெறுங்கையராக்கிய அப்பட்டியலே பிற்காலத்தில் அவர் வீட்டை மீட்டுத் தந்தது. 1911இல் அது நூதனசாலையாகத் திறக்கப்பட்டபோது, கட்டடக் கலைஞர் டி பாசல் உட்புறத்தைத் தம் காலப் பாங்கிலேயே அமைத்திருந்தார். 1990களின் இறுதியில், பட்டியலைத் துணைக்கொண்டு 17ஆம் நூற்றாண்டுத் தோற்றம் மீளவமைக்கப்பட்டது. எனினும், அங்குள்ள தளபாடங்கள் பெரும்பாலும் அக்காலத்தனவேயன்றி அவர் பயன்படுத்தியவை அல்ல.

அவருடையனவாக அங்கு மீண்டவை, சிறப்பாக, அவர்தம் அச்சுப்படங்களே. அவர் இயற்றிய ஏறத்தாழ 290 படங்களுட் பெரும்பாலானவை இன்று அங்குள. இதற்குக் காரணம் அத்தொழிலின் இயல்பாகும். மெழுகு பூசிய செப்புத்தகட்டில் ஊசியாற் கீறி அமிலத்தில் இட்டால், கீறிய இடம் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அதில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தப் படம் பதியும். தகடு ஒன்று, படிகளோ பல. அவை பல ஊர்களிற் பரவியமையாலேயே மீளத் திரட்டவும் இயன்றது.

2017இல், றெம்பிராண்டைத் தழுவித் தாம் ஆக்கிய படைப்புக்களை ஆங்கில ஓவியர் கிளென் பிறவுண் அவ்வீட்டிற் காட்சிக்கு வைத்தார். பழைய மனையிற் புதுக்கலை புகுதல் தொன்மைக்கு இழுக்கு என்பாரும் உளர். அன்னார்க்கு றெம்பிராண்டின் செயலே விடையாகும். 1653ஆம் ஆண்டளவில், முன்னோராகிய ஹேர்க்குலிஸ் சேகர்ஸ் செதுக்கிய தகடொன்றை எடுத்து, நிலக்காட்சியைப் பெரிதும் அவ்வாறே விட்டு, தோபியாவையும் தேவதூதனையும் சுரண்டி நீக்கி, எகிப்துக்குச் செல்லும் திருக்குடும்பத்தை அவ்விடத்தில் அவர் வரைந்தார். நீக்கப்பட்ட தூதனின் சிறகுச் சுவடு மரங்களிடையே இன்றும் புலனாகின்றது.

ஆகவே, முன்னோன் தகட்டிற் பின்னோன் கீறுதல் அவ்வீட்டிற்குப் புதியதன்று. கட்டிலையும் கதிரையையும் பேணுதல் வேண்டும். ஆனால் மனைக்கு உயிராயிருந்த தொழில் நின்றுவிடின் எஞ்சுவது சுவரே. அங்கு இன்றும் தகட்டில் மையிட்டு, வருவோர் முன்னிலையில் அச்சிட்டுக் காட்டுகின்றனர்.