ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள்

2013 மார்ச் 31. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி. எதிரணியின் பந்தைத் தடுக்கத் துள்ளிய லூயிவில் அணியின் கெவின் வேர் தரையில் இறங்கியபோது வலது கால் முறிந்து, எலும்பு வெளியே தெரிந்தது. கூட ஆடியவர்கள் அப்படியே தரையில் விழுந்து அழுதார்கள். பயிற்சியாளர் ரிக் பிடினோவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து ஆடி, டியூக் அணியை 85-63 என்று வென்றார்கள்.

அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் தொண்டை அடைக்கிறது. கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது. இவ்வளவு அழுத பிறகும், ஆண்களின் உடலும் மனமும் கூடைப்பந்தைத் தாங்காது, இனி அவர்கள் ஆட வேண்டாம் என்று ஏன் ஒருவரும் முடிவுகட்டவில்லை? முடிவுகட்டியிருக்க வேண்டும் என்பதல்ல என் கட்சி. பெண்கள் தரையில் சாய்ந்தபோது அப்படித்தான் முடிவுகட்டினார்கள் என்பதால் கேட்கிறேன்.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸில்தான் பெண்களுக்குத் தடகளம் முதன்முதலாகத் திறந்தது. அதுவும் ஐந்தே போட்டிகள். அவற்றில் மிக நீண்ட ஓட்டம் 800 மீட்டர். ஆகஸ்ட் 2 அன்று நடந்த இறுதி ஓட்டத்தில் ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு வென்றார். ஜப்பானின் கினுவே ஹிதோமி இரண்டாவது.

எனக்கு முக்கியமாகப்படுவது அவர்களுக்குப் பின்னால் நடந்தது. கனடாவின் ஜீன் தாம்ஸனுக்கு 17 வயது. பயிற்சியில் காலில் காயம்பட்டிருந்தவர். அவருடைய அணித் தோழி பாபி ரோசன்ஃபெல்ட், அதே ஒலிம்பிக்ஸில் 100 மீட்டரில் வெள்ளி வென்றவர். தாம்ஸன் தளர்வதைக் கண்டதும் பின்னாலிருந்து விரைந்து வந்து, அவர் பக்கத்திலேயே ஓடித் தைரியம் சொன்னார். முந்தியிருக்கலாம், முந்தவில்லை. தாம்ஸன் நான்காவது, ரோசன்ஃபெல்ட் ஐந்தாவது.

பத்திரிகைகள் பார்த்தது வேறு. கோட்டைக் கடந்தபின் மூச்சுவாங்கச் சாய்ந்த பெண்களைப் பார்த்தன. பதினொரு பேர் ஓடினார்கள், ஐந்து பேர் பாதியில் விலகினார்கள் என்றுகூட ஒருவர் எழுதினார். ஓடியவர்களே ஒன்பது பேர்தான். ஒன்பது பேரும் முடித்தார்கள். ஆனாலும் பெண்ணுடல் இதைத் தாங்காது என்ற வாதமே வென்றது. அடுத்த ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு 800 மீட்டர் இல்லை.

1908 லண்டன் மாரத்தானில் இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி அரங்குக்குள் திரும்பத் திரும்ப விழுந்தார். அதிகாரிகள் தூக்கிவிட்டதால் தகுதியும் இழந்தார். அவருக்கு அரசி அலெக்சாண்டிரா முலாம் பூசிய வெள்ளிக் கோப்பை கொடுத்தார். மாரத்தானை யாரும் நீக்கவில்லை.

ஆண் விழுந்தால் அது அவனுடைய அன்றைய கதை. பெண் விழுந்தால் அது எல்லாப் பெண்களின் இயல்பு. அழுகைக்கும் இதே கணக்குதான். லூயிவில் இளைஞர்களின் கண்ணீரில் நட்பைக் கண்ட கண்களுக்கு, ரோசன்ஃபெல்ட் வேகத்தைக் குறைத்துக்கொண்டதில் இருந்த நட்பு தெரியவில்லை. அதைப் பார்க்கத் தெரிந்திருந்தால் அந்த ஓட்டம் பலவீனத்தின் சான்றாக ஆகியிருக்காது.

பெண்களுக்கு 800 மீட்டர் மறுபடி கிடைத்தது 1960இல், ரோம் ஒலிம்பிக்ஸில். 1928இல் 17 வயதாக இருந்தவளுக்கு அப்போது 49 வயது.