கோமுகி மணலில் கிழித்த கோடு

நான் சிறுவனாக இருந்தபோது, கள்ளக்குறிச்சிப் பக்கத்து எங்கள் ஊரில் யாரும் கபடி என்று சொன்னதில்லை. சடுகுடுதான். கோமுகி ஆறு வற்றி மணல் தெரிந்ததும், அறுப்பு முடிந்து களத்துமேடு காலியானதும் ஆட்டம் தொடங்கிவிடும். கோடு போடச் சுண்ணாம்பு கிடையாது. பெரிய பையன் ஒருவன் குதிகாலை மணலில் அழுத்திக்கொண்டே பின்னோக்கிப் போவான். அவன் கால் போன தடம்தான் நடுக்கோடு. நிலா வெளிச்சம் இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகும் ஆடுவோம்.

பாடிப் போகிறவனுக்கு அப்போது சொந்தப் பாட்டு இருக்கும். தாத்தாவிடம் கற்றதோ, மாமன் சொல்லிக் கொடுத்ததோ, ஆளுக்கொன்று. இருட்டிலும் குரலை வைத்தே யார் ஏறி வருகிறான் என்று தெரிந்துவிடும். அக்கரைக்காரர்களுடன் ஆடினால் மட்டும் முதல் அரைமணி நேரம் சண்டையில் போகும். எங்கள் கணக்கில், அவுட்டானவன் எதிரணியில் ஒருவன் விழுந்தால் மறுபடி உள்ளே வருவான். அவர்கள் கணக்கில் போனவன் போனவன்தான். இப்படிப்பட்ட வழக்கங்களுக்கெல்லாம் மராட்டிய நாட்டில் சஞ்சீவினி, காமினி, அமர் என்று பேர் வைத்திருந்தார்கள் என்பதைப் பிறகு புத்தகத்தில் படித்தபோது, எங்கள் ஆற்றுமணல் சண்டை இந்தியா முழுக்க நடந்திருக்கிறது என்று புரிந்து மகிழ்ந்தேன்.

அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் விதிகள் வந்தன. 1920களில் மராட்டியத்திலும் பரோடாவிலும் விதிகளை எழுதினார்கள். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் நடந்தபோது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழுவினர் அங்கே ஆடிக் காட்டினார்கள். 1950இல் அகில இந்திய கூட்டமைப்பு உருவானது. ஊருக்கொரு பேராக இருந்த ஆட்டம் கபடி என்ற ஒரே பேருக்குள் வந்தது. எங்கள் பாட்டுகள் போய்விட்டன. ‘கபடி கபடி’ என்று மட்டுமே சொல்ல வேண்டும். அந்த இழப்பு எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனால் விதி வராமல் இருந்திருந்தால் எங்கள் ஊர்ப் பையன் மாவட்டப் போட்டிக்குக் கடலூர் போய் ஆடியிருக்க முடியாது.

எங்கள் பள்ளிக்கு விதியைக் கொண்டுவந்தவர் டிரில் மாஸ்டர். சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியில் படித்தவர். 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கிய கல்லூரி அது. ஆசியாவிலேயே உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கிய முதல் கல்லூரி என்று எங்கள் மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கழுத்தில் விசிலோடு நின்ற ஒரு தலைமுறை அங்கிருந்துதான் கிளம்பியது. அவர் கையில் அளவு நாடாவோடு வந்து, நான்கு முளை அடித்து, கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று, நாங்கள் மைதானத்தைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். கால் வைக்கவே கூச்சமாக இருந்தது.

நான் காலனிப் பையன். ஆற்றுமணலில் நாங்கள் தனியாக ஆடுவோம். ஊர்த்தெருப் பையன்கள் கொஞ்சம் மேற்கே தள்ளித் தனியாக ஆடுவார்கள். நடுவில் யாரும் கோடு போடவில்லை, ஆனாலும் கோடு இருந்தது. மாஸ்டர் அணி பிரித்த அன்று எதையும் கேட்கவில்லை. உயரத்தைப் பார்த்தார், எடையைப் பார்த்தார், ஏழு ஏழாக நிறுத்தினார். முதல் ஏறில் வந்தவன் ஊர்த்தெருப் பெரிய வீட்டுப் பையன். அவன் கணுக்காலைப் பிடித்து இழுத்துப் போட்டேன். மைதானம் ஒரு நொடி அமைதியாகிவிட்டது. மாஸ்டர் விசில் ஊதி, ‘அவுட்’ என்று மட்டும் சொன்னார். வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் கிணற்றடியில் குளிக்கச் சொன்னார்கள் என்று அவனே மறுநாள் என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு ஆட வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். தொடாமல் ஆட முடியாத ஆட்டம் இது. இப்போதும் அவனும் நானும் வாரம் ஒருமுறை போனில் பேசிக்கொள்கிறோம்.

அப்போது எங்கள் பகுதி தென் ஆர்க்காடு மாவட்டம். 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்குள் போனோம். 2019இல் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டம் ஆனது. நான் ஆடிய காலத்தில் மாவட்டப் போட்டி என்றால் கடலூர்தான். விடியற்காலை பஸ். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. உள்ளே போட ஜட்டி இல்லாதவனுக்கு மாஸ்டர் வாங்கிக் கொடுத்தார். கடலை முதன்முதலில் நான் பார்த்தது கபடி ஆடப் போனபோதுதான்.

இனி மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோமுகி பிறப்பது கல்வராயன் மலையில். மலையாளி பழங்குடி மக்களின் மலை அது. 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. பள்ளிக்கூடமும் ரோடும் அங்கே ஏறியது அதற்குப் பிறகுதான். மழையை நம்பிய கொல்லை, அதை விட்டால் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போக வேண்டும். கடுக்காய்ப் பட்டையும் வெல்லமும் போட்டு ஊறல் வைப்பவன் கையில் மட்டும் காசு புழங்கியது. மலையின் மேற்குப் பக்கம் சேலம் மாவட்டம். இந்தியாவில் மதுவிலக்கைப் பரிசோதிக்க 1937இல் ராஜாஜி தேர்ந்தெடுத்தது அந்தச் சேலத்தைத்தான். 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் கடை திறந்தது, 1974இல் மூடியது, 1981இல் மறுபடி திறந்தது, 1987இல் சாராயக் கடையும் கள்ளுக் கடையும் மூடின. 2003இல் டாஸ்மாக் தானே சில்லறை விற்பனையில் இறங்கியது. சட்டம் எப்படித் திரும்பினாலும் மலையிலிருந்து டியூப் இறங்குவது நிற்கவில்லை.

டியூப் என்றால் லாரி டயருக்குள் இருக்கும் ரப்பர் டியூப். அதில் சாராயத்தை நிரப்பி, தோளில் போட்டுக்கொண்டு, ராத்திரியில் ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டும். அதற்குக் கால் பலம் வேண்டும், மூச்சு வேண்டும், இருட்டில் பயமில்லாமல் ஓடத் தெரிய வேண்டும். அதாவது நல்ல கபடி ஆட்டக்காரன் வேண்டும். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. நான் உடற்கல்வி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த 1982ஆம் வருடமே, எங்கள் பள்ளியின் மிகச் சிறந்த ஏறு வீரன் ஒன்பதாம் வகுப்போடு நின்றான். ஒரு ராத்திரிக்கு டியூப் தூக்கினால், கரும்பு வெட்டினால் கிடைப்பதைப்போலப் பல மடங்கு. அவனுக்கு நான் கற்றுக்கொடுத்த மூச்சு அந்தப் பாதையில் செலவாயிற்று.

ஆகவே, விளையாடினால் பையன் கெட்டுப்போக மாட்டான் என்று பேசுகிற மேடைப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. பொங்கல் போட்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் ஊருக்கு ஊர் மன்றங்கள் முளைத்தன. மைதானத்தில் மரத்தூள் பரப்பி, டியூப்லைட் கட்டி, மைக் செட் வைத்து, விடிய விடிய ஆடுவார்கள். முதல் பரிசு சுழற்கோப்பையும் ஆட்டுக்கிடாவும். எடைப் பிரிவு வைத்த இடங்களில் பையன்கள் அரிசி மண்டித் தராசில் ஏறி நிற்பார்கள். அவ்வளவு அழகு. ஆனால் பந்தலுக்குப் பின்னால் பாக்கெட் சாராயமும் விற்றது. ஜெயித்த ராத்திரியில் கிடா வெட்டி, கோப்பையிலேயே ஊற்றிக் குடித்த அணிகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். போட்டி வருடத்துக்கு இரண்டு நாள். மிச்சமுள்ள நாட்களில் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்பதுதான் கேள்வி.

முப்பது வருட வேலையில் நான் கற்றது இந்த ஒன்றைத்தான். பையனைக் காப்பாற்றுவது கோப்பை கிடையாது; சாயங்காலம் ஐந்து மணிமுதல் எட்டு மணிவரை. மில்லில் மூட்டை தூக்கியவன், கரும்பு வெட்டியவன், சித்தாள் வேலைக்குப் போனவன் எல்லோரும் உடம்பு வலியோடு திரும்புகிற நேரம் அது. சாராயம் விற்பவனும் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருப்பான். தினமும் ஆடுகிறவனுக்கு மட்டும் ஒரு கணக்கு இருக்கும். நேற்று குடித்திருந்தால் இன்றைக்கு மூச்சு நிற்காது. கோட்டைத் தொடுமுன் பாட்டு அறுந்துவிடும். ஏழு பேர் மேலே விழுந்து அமுக்குவார்கள். கூட ஆடுகிறவன் முகத்தைப் பார்க்க முடியாது. அறிவுரையைவிட இந்த வெட்கம் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

1991இல் என் பள்ளி அணியில் ஆடிய ஏழு பேரை எடுத்துக்கொள்கிறேன். குறுவட்டப் போட்டியில் ஜெயித்து, பாரதியார் தினப் போட்டியில் மாவட்ட அரையிறுதியில் தோற்ற அணி. தோற்றுவிட்டுத் திரும்பிய பஸ்ஸில் வழி நெடுக யாரும் பேசவில்லை. ஒருவன் காவல்துறைக்குப் போனான். ஒருவன் விளையாட்டுச் சான்றிதழைக் காட்டி அரசு வேலை வாங்கினான். ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இருவர் விவசாயம், அதில் ஒருவன் இன்றும் தன் களத்தில் பிள்ளைகளுக்குக் கோடு போட்டுக் கொடுக்கிறான். ஒருவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் தொடர்பு விட்டுப்போயிற்று. ஒருவன் குடித்துக் குடித்து முப்பத்தெட்டாவது வயதில் செத்தான். சாவுக்குத் தொடர்பில் இருந்த மற்றவர்கள் வந்தார்கள். பாடையைத் தூக்கியவர்களில் மூன்று பேர் ஊர்த்தெரு, ஒருவன் காலனி. செத்தவன் காலனிப் பையன். எங்கள் பகுதியில் இது எப்பேர்ப்பட்ட காட்சி என்று இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் பார்க்கும்போது ஏக்கமாக இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கிராமத்தில், சாதிப் பகை மூண்டிருந்த வருடங்களில் வளர்ந்த கணேசன் 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவித்தான் மாரி செல்வராஜ் ‘பைசன் காளமாடன்’ படத்தை எடுத்தார். தஞ்சைப் பக்கத்துச் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டியும் புரோ கபடி ஆடினார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியாவின் கபடி அணிகள் இரண்டும் தங்கம் வென்றன. பையன்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷ்; பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. வடுவூர் பல தலைமுறையாகக் கபடி ஆடும் ஊர். கண்ணகி நகரோ கூவம் கரையிலிருந்தும் மற்ற குடிசைப் பகுதிகளிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுபோய் விட்ட மக்களின் ஊர். அந்தப் பேரைச் சொன்னால் வேலை தர மறுத்த காலம் உண்டு. அங்கே தினமும் சாயங்காலம் விசில் ஊத ஆள் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். என் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு அணி அமைக்க எனக்குப் பதினைந்து வருடம் ஆயிற்று. அதைத் தாமதித்தது தவறு என்று இன்று சொல்கிறேன்.

2024 ஜூன் மாதம் கருணாபுரம். கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கிற குடியிருப்பு. அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள். மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்தார்கள். முதலில் வயிற்றுவலி, பிறகு கண் மங்கியது. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெண்களும் உண்டு. அதற்கு முந்தைய வருடம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் இதே மெத்தனால், இதே சாவு. யாரும் பாடம் படிக்கவில்லை.

ஜூன் 20 அன்று நான் கோமுகிக் கரைக்குப் போனேன். மழை தூறியது. வரிசையாகக் குழி வெட்டி விறகு அடுக்கியிருந்தார்கள். ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட உடல்கள். எங்கள் காலத்தில் சடுகுடு ஆடிய அதே ஆற்றின் மணல். கொள்ளி வைத்தவர்களில் பலர் சிறுவர்கள். ஒரு பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஒல்லியான, நீளமான கால். முப்பது வருடப் பழக்கம். என் கண் தானாக அவன் காலைப் பார்த்தது. நல்ல ஏறு வீரன் ஆவான் என்று மனம் சொல்லிற்று. அந்த இடத்தில் அப்படித் தோன்றியதற்காக அழுதேன்.

பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 5,000 ரூபாயும் படிப்புச் செலவும் அரசு அறிவித்தது. நல்லது, தேவையானது. அந்தப் பிள்ளைகள் படிப்பார்கள் என்று நம்புகிறேன். அவர்களுடைய சாயங்காலத்தை யாராவது பொறுப்பெடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12க்கு 8 மீட்டர் மண், நான்கு விளக்கு, கல் பொறுக்கிய தரை, ஐந்து மணிக்கு வந்து எட்டு மணிவரை நிற்கிற ஒரு மனிதர். மேட் பிறகு வரட்டும், கோப்பை பிறகு வரட்டும். நகராட்சியிலோ, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திலோ, அந்தத் தெருவிலேயோ இதைப் படிக்கிறவர்கள் இருந்தால் இடத்தை மட்டும் காட்டுங்கள். சுண்ணாம்பும் கயிறும் என்னிடம் இருக்கின்றன. விசிலும் இருக்கிறது. நான் வருகிறேன்.