ஏரிக்கு வரும் பறவையும் எண்ண வரும் ஆளும்

மழைக் கணக்கு பற்றி நம்ம எல்லாருக்கும் ஒரு அனுபவம் உண்டு. மழைமானி இருப்பது ஒரு ஊரில், மழை கொட்டுவது இன்னொரு ஊரில். மானி வைத்த இடத்தில் தூறல் விழுந்தால் ஏட்டிலும் தூறல்தான். நம்ம கழனியில் வரப்பு உடையப் பெய்திருந்தாலும் அது ஏட்டில் ஏறாது. அதை வைத்துக்கொண்டு "உங்க ஊரில் மழையே இல்லை" என்று யாராவது சொன்னால் சும்மா விடுவோமா? நீர்ப்பறவைகள் விஷயத்தில் இன்றைக்கு ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. எண்ண ஆள் போன ஏரிக்குப் பேர் இருக்கு. ஆள் போகாத ஏரி, படத்தில் வெறும் வெள்ளையாக் கிடக்கு.

இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டுமானால் செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கலுக்குப் போகணும். அது ஒரு பாசன ஏரி, 30 எக்டேர் அளவு, அதாவது சுமார் 74 ஏக்கர். கும்பினிக்காரன் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ஊர்க்காரர்கள் நேரே கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அப்போது கலெக்டர் லயனல் பிளேஸ் துரை. மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் வருகிறாரே, அதே துரைதான். 1798 வாக்கில், அந்த ஏரியில் யாரும் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊருக்கு உரிமை கொடுத்து ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். பிறகு 1858-ல் அந்த உரிமை புதுப்பிக்கப்பட்டது. 1936-ல் அரசாங்கம் அதைச் சரணாலயமாக ஏற்றுக்கொண்டது.

ஊர்க்காரர்கள் எதுக்காக அவ்வளவு தூரம் போய் நின்றார்கள்? பறவை மேல் பாசம் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனா அதுக்குள்ளே விவசாயக் கணக்கு ஒன்றும் இருந்தது. ஏரிக்குள் நிற்கும் மரங்களில் ஆயிரக்கணக்கான நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் தண்ணீரில் விழுகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போகிறது. உரக்கடை என்ற ஒன்றே இல்லாத காலத்தில் இது சின்ன விஷயமா? சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பக்கத்து ஊர்க்காரர்கள், பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்குக் கூட வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் ஊரே காவல் காத்த பிறகுதான் 1994-ல் சரணாலய அறிவிப்பு வந்தது. எந்த ஏரியில் பறவை கூடுகிறது என்று சர்க்காருக்குச் சொன்னவர்கள் அந்தந்த ஊர் ஜனங்கள்தான். அதை மட்டும் மனதில் வையுங்க.

எண்ணிப் பார்க்கும் வழக்கம் அமெரிக்காவில் வேறு மாதிரி தொடங்கியது. அங்கே கிறிஸ்துமஸ் நாளில் கட்சி கட்டிக்கொண்டு பறவைகளைச் சுடும் பழக்கம் இருந்தது. 1900-ல் ஃபிராங்க் சாப்மன் என்பவர், "சுடாதீங்க, எண்ணுங்க" என்ற யோசனையைச் சொன்னார். முதல் வருஷம் சேர்ந்தது 27 பேர்தான். அது இன்றும் நடக்கிறது. நீர்ப்பறவைகளுக்கென்று உலகளவிலான கணக்கெடுப்பு 1967-ல் தொடங்கியது. 1971-ல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் நீர்நிலைகளைக் காப்பது பற்றிய ஒப்பந்தம் ஆனது, இந்தியா 1982-ல் அதில் சேர்ந்தது. 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நம்ம நாட்டிலும் தன்னார்வலர்கள் ஏரி ஏரியாகப் போய் எண்ணுகிறார்கள்.

இந்த எண்ணிக்கைக்கு வலு இருக்கு. ஒரு நீர்நிலையில் வழக்கமாக 20,000 நீர்ப்பறவை கூடுகிறது என்றோ, ஒரு இனத்தின் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு அங்கே தங்குகிறது என்றோ காட்ட முடிந்தால், ராம்சார் பட்டியலில் சேர அதுவே ஒரு தகுதி. காட்ட வேண்டுமானால் யாராவது எண்ணியிருக்கணும். எண்ணாத ஏரிக்கு எந்த மனுவும் நிற்காது.

இப்போ கைப்பேசி வந்துவிட்டது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-ல் தொடங்கிய ஈ-பேர்ட் என்ற ஏட்டில், பார்த்த பறவை, எண்ணிக்கை, இடம், நேரம் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் பதியலாம். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நாலு நாள் இப்படிக் கணக்கெடுக்கிறார்கள். பதிவுகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன.

குவிந்ததைப் படமாகப் போட்டுப் பார்த்தபோதுதான் கோளாறு தெரிந்தது. புள்ளிகள் பட்டணத்தைச் சுற்றியும், தார் ரோட்டு ஓரத்திலும், பேர் பெற்ற சரணாலயங்களிலும் அப்பிக் கிடக்கின்றன. அது பறவை இருக்கும் இடத்துப் படமா, பறவை பார்ப்பவர் போகும் இடத்துப் படமா? இரண்டும் கலந்தது. அதனால் விஞ்ஞானிகள் இப்போது பறவையைக் குறிப்பதோடு, ஆள் எங்கே எத்தனை முறை போனார், எவ்வளவு நேரம் நின்றார் என்பதையும் தனிப் படமாகக் கட்டம் கட்டமாகக் குறிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் நூறு முறை போயும் கூழைக்கடா இல்லை என்றால், அங்கே அது இல்லை என்று ஓரளவு நம்பலாம். ஒரு முறைகூடப் போகாத கட்டத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. மண் மாதிரி எடுக்காத வயலுக்கு உரச் சிபாரிசு எழுத முடியுமா?

கேரளாக்காரர்கள் இதைச் சரியாகச் செய்தார்கள். 2015 முதல் 2020 வரை மாநிலம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, கட்டங்களைப் பொறுக்கி எடுத்து, மழைக்காலம் ஒரு தடவை, வறண்ட காலம் ஒரு தடவை என்று 1,000-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் நடந்து எண்ணினார்கள். பிடித்த இடத்துக்கு மட்டும் போவது என்ற பேச்சே இல்லை.

சரி, நம்ம கள்ளக்குறிச்சிக்கு வருவோம். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்தோம். 2021 டிசம்பரில் விழுப்புரம் மாவட்டத்துக் கழுவெளி பறவைகள் சரணாலயம் ஆனது. கடற்கரைச் சாலைக்குக் கிட்ட, புதுச்சேரிக்காரர்கள் காலையில் போய் மதியம் திரும்பிவிடும் தூரம் அது. தமிழ்நாட்டில் இப்போது 20 ராம்சார் நீர்நிலைகள் இருக்கின்றன. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒன்றும் இல்லை. இதைப் பார்த்து நம்ம பக்கம் பறவையே வராது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

கல்வராயன் மலைத் தண்ணீர் கோமுகியாகவும் மணிமுத்தாவாகவும் இறங்கி, இரண்டு அணைகளில் நின்று, வாய்க்கால் வழியாக ஏரிகளுக்குப் போகிறது. ஒவ்வொரு ஏரியாப் பார்த்தால் பெரிசா ஒன்றும் தெரியாது. ஆனா நாரைக்கும் வாத்துக்கும் பட்டா எல்லை கிடையாதே! ஒரு ஏரி வற்றினால் அடுத்த ஏரிக்குப் போகும், ஏரியிலும் நெல் வயலிலும் மேயும். ஆகவே ஒரு பெரிய ஏரியை மட்டும் காப்பதைவிட, பக்கம் பக்கமாக உள்ள பத்து ஏரிகளில் எப்போதும் இரண்டிலாவது தண்ணீர் நிற்கும்படி பார்ப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். எந்தப் பத்து என்று சொல்லக் கணக்கு வேணும்.

கணக்கு இல்லாததால் நேரும் நஷ்டத்தையும் சொல்கிறேன். 1980-களில் சமூகக் காடு வளர்ப்பில் பல ஏரிகளின் உட்பகுதியில் கருவேல் நட்டார்கள். மரம் முற்றினால் ஏலம். அதில் கூடு இருக்கிறது என்று எந்த ஏட்டிலும் இல்லாவிட்டால், குஞ்சு பறக்கும் முன்னாடியே கோடாலி விழும். குஞ்சு பறந்த பிறகு வெட்டினால் ஏலக்காரருக்கு ஒன்றும் குறையாது. தூர் வாருவதும் அப்படித்தான். ஒரே சீராக ஆழம் தோண்டிவிட்டால் உள்ளானும் கொக்கும் நிற்க முழங்கால் தண்ணீர் இருக்காது. ஒரு ஓரம் சரிவாக விட்டால் போதும். நத்தைகுத்தி நாரை நம்ம வயலுக்கு வருவதே நத்தையைத் தின்னத்தான். அதற்குக் கூலி கேட்பதில்லை!

"பறவை இருக்குன்னு எழுதினா, ஏரியை வனத்துறை எடுத்துக்காதா சார்?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சரணாலயம் என்று அறிவித்தால் மீன் பிடிக்க, மரம் வெட்டக் கட்டுப்பாடு வரும், அதை மறைக்க வேண்டாம். ஆனா பதிவு வேறு, அறிவிப்பு வேறு. பதிவு இருந்தால் தூர் வாரும்போதும் ஏலம் விடும்போதும் கிராம சபையில் எழுந்து பேச நம்ம கையில் ஒரு காகிதம் இருக்கும். வேடந்தாங்கல் ஏரித் தண்ணீரில் இன்றும் பயிர் நடக்கிறது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: கூடு இருக்கும் மரத்தைக் கண்டவரிடம் சொல்லாதீங்க, வலை போடுகிறவன் காதுக்கும் போய்விடும். 1972-ஆம் வருஷத்து வன உயிர்ச் சட்டப்படி வேட்டை குற்றம்.

எண்ணுவது கஷ்டமில்லை. காலையில் மடை பார்க்கப் போகும்போது கரையில் கால் மணி நேரம் நில்லுங்க. ஏரியின் பேர், தேதி, நேரம் எழுதுங்க. நாற்று முடி எண்ணுவது மாதிரி, கூட்டத்தில் முதலில் பத்தைக் கண்ணால் பிரித்து, அது எத்தனை பத்து என்று மதிப்பிடுங்க. பேர் தெரியாத பறவையைத் தெரியாதது என்றே எழுதுங்க. ஒன்றுமே இல்லாத நாளில் "ஒன்றும் இல்லை" என்று எழுதணும், அதுவும் கணக்குதான். உங்க பிள்ளை கைப்பேசியில் ஏற்றிவிடும். வருகிற பொங்கலில் அந்த நாலு நாள் தொடங்கலாம். அப்போது ஏரியில் தண்ணீரும் இருக்கும், வடக்கேயிருந்து வந்த வாத்துகளும் இருக்கும்.